"எனக்கு கணக்கு வராது"னு சொல்ற தம்பி, தங்கச்சிக்கு... உங்க போன்லயே இருக்கு வழி!

வீட்டுல காலேஜ் முடிச்ச ஒருத்தர் இருந்தா போதும். சொந்தத் தம்பி, தங்கச்சியில ஆரம்பிச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளை வரைக்கும் கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. "அண்ணா, இந்த ஒரு சம் மட்டும்!" நமக்கு அந்த சம் தெரியும். ஆனா, தெரிஞ்சதைச் சொல்லிக்கொடுக்கறது வேற வேலை. முதல் தடவை பொறுமையா சொல்வோம். ரெண்டாவது தடவை குரல் கொஞ்சம் ஏறும். மூணாவது தடவை அந்தப் பிள்ளையே, "எனக்கு கணக்கு வராதுண்ணா"னு நோட்டை மூடிடும்.

அந்த வார்த்தையைச் சும்மா விட்டுடாதீங்க. ஆறாம் வகுப்புல பின்னம் புரியாம இப்படிச் சொல்ற பிள்ளை, பத்தாவது முடிச்சதும் "கணக்கு இல்லாத குரூப் எது?"னு தேடும். இன்ஜினீயரிங் உட்பட பல கதவுகள் அப்பவே சாத்தப்படும்.

இது ஏதோ ஒண்ணு, ரெண்டு வீட்டுப் பிரச்னை இல்லை. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளையோரிடம் 2023-ல் ஏசர் ஆய்வு நடந்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவிகிதம் மட்டுமே. அதே ஆய்வில் சுமார் 90 சதவிகிதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆக, போன் இருக்கு, வகுத்தல்தான் வரலை.

இணையத்துல கணக்கு சொல்லித்தர்ற தளங்களுக்குப் பஞ்சமே இல்லை. எதைத் திறக்கிறது, திறந்து என்ன பண்றதுங்கிறதுதான் கேள்வி. அதுக்குத்தான் இந்த கைடு.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்

ஒரு ஆப்பையோ தளத்தையோ பிள்ளை கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

1. பிள்ளை விரலால இழுத்தா, திரையில கணக்கு மாறுதா? இல்ல, விடையை மட்டும் தட்டணுமா?

2. தப்பான விடை போட்டா, அது ஏன் தப்புனு கண்ணுக்குத் தெரியுதா? இல்ல, சிவப்பு கலர்ல ஒரு பெருக்கல் குறி மட்டும் வருதா?

3. கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கா? அதை நிறுத்த முடியுமா?

4. நடுவுல விளம்பரம் வருதா? காசு கேக்குதா?

முதல் ரெண்டு கேள்விதான் முக்கியம். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். நோட்டைத் திறந்தா கை நகராது. ஏன்னா, வீடியோவுல யோசிச்சது வாத்தியார். பார்த்தது மட்டும்தான் பிள்ளை. நல்ல கணக்குத் தளம்ங்கிறது விடையைப் பார்க்கிற இடம் இல்லை. யாரும் திட்டாம தப்பு பண்ணிப் பார்க்கிற இடம்.

இந்த டெஸ்ட்ல பாஸான, காசு கேட்காத சில தளங்களைப் பாடவாரியா பார்க்கலாம்.

பின்னம்: பாலிபேட், ஃபெட்

1/2 + 1/3 எவ்வளவுனு கேட்டா, நிறைய பிள்ளைகள் 2/5-னு எழுதும். மேல மேலயும், கீழ கீழயும் கூட்டிடறாங்க. "தப்பு, எல்சிஎம் எடு"னு சொல்லிடாதீங்க. பாலிபேட் தளத்தைத் திறங்க. அதுல பின்னப் பட்டைகள் இருக்கும். 1/2 பட்டையையும் 1/3 பட்டையையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டச் சொல்லுங்க. அதுக்குக் கீழ ரெண்டு 1/5 பட்டைகளை வைக்கச் சொல்லுங்க.

2/5 பட்டை, அந்த அரைப் பட்டையைவிடவே சின்னதா இருக்கும்! அரை டம்ளர் பால்ல இன்னும் கொஞ்சம் ஊத்தினா, அரை டம்ளரைவிடக் குறையுமா? இந்தக் கேள்வியை நீங்க கேக்கவே வேண்டாம். பட்டையைப் பார்த்ததும் பிள்ளையே முழிக்கும். அப்புறம் 1/6 பட்டைகளை எடுத்து மேல இருக்கிற நீளத்துக்குச் சரியா அடுக்கச் சொல்லுங்க. அஞ்சு பட்டை சரியா உட்காரும். 5/6. எல்சிஎம் எதுக்கு எடுக்கிறோம்ங்கிறது இப்ப புரியும்: ரெண்டையும் ஒரே அளவு துண்டா மாத்தத்தான்.

அடுத்து ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் திட்டம் இது. இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. இதுல 'ஃப்ராக்‌ஷன் மேட்சர்'னு ஒரு விளையாட்டு இருக்கு. சமமான ரெண்டு பின்னங்களைத் தேடித் தராசுல வைக்கணும். 2/4-ம் 1/2-ம் சமம்னு மனப்பாடமா தெரிஞ்ச பிள்ளைக்கு, அது ஏன் சமம்னு இங்க படமா தெரியும்.

குறை எண்கள்: கடல் மட்டத்துக்குக் கீழ

"−7 பெருசா, −3 பெருசா?" ஆறாம் வகுப்புல முழுக்கள் பாடம் வந்ததும் பிள்ளைங்க வழுக்குற இடம் இது. 7 பெரிய எண், அதனால −7-ம் பெருசுன்னுதான் மனசு சொல்லும்.

ஃபெட் தளத்துல 'நம்பர் லைன்: இன்டிஜர்ஸ்' திறங்க. உருவங்களைக் கடல் மட்டத்துக்கு மேலயும் கீழயும் இழுத்து வைக்கலாம். வைக்கிற உயரம் எண்கோட்டுல புள்ளியா விழும். இதே மாதிரி வங்கிக் கணக்கு, வெப்பநிலைன்னும் பகுதிகள் இருக்கு. வங்கிப் பகுதியில நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்க: "ஏழு ரூபாய் கடன் வச்சிருக்கிறவன், மூணு ரூபாய் கடன் வச்சிருக்கிறவன். யார் நிலைமை பரவாயில்லை?" அதுக்கப்புறம் விதியைத் தனியா மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியம் இருக்காது.

வடிவியல்: ஜியோஜீப்ரா

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் உருவாக்கிய மென்பொருள் இது. தமிழ்நாடு பாடப்புத்தகங்கள்ல கணக்குப் பாடத்தோட 'இணையச் செயல்பாடு'னு ஒரு பக்கம் இருக்குமே, ஞாபகம் இருக்கா? நாம படிக்கும்போது அப்படியே புரட்டிட்டுப் போயிருப்போம். அதுல பெரும்பாலும் கொடுத்திருக்கிறது ஜியோஜீப்ரா பயிற்சிகள்தான். முதல்ல அந்தப் பக்கத்துல இருந்தே ஆரம்பிங்க. பள்ளிப் பாடத்தோட நேரடியா ஒட்டிப்போகும்.

ஒரு பயிற்சி சொல்றேன். ஒரு வட்டம், அதுக்கு ஒரு விட்டம். வட்டத்து மேல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை விட்டத்தின் ரெண்டு முனைகளோடயும் சேருங்க. கோணத்தை அளக்கச் சொன்னா 90 டிகிரினு காட்டும். இப்ப புள்ளியை வட்டத்து மேலயே இழுங்க. எங்க இழுத்தாலும் 90-தான்! அடுத்து, வட்டத்துல ஒட்டாத ஒரு புள்ளியை வச்சு இதையே செய்யுங்க. வட்டத்துக்கு உள்ள போனா கோணம் 90-ஐவிடக் கூடும். வெளிய போனா குறையும். "ஏன் அப்படி?"னு மட்டும் கேட்டுட்டு அமைதியா இருங்க. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்ங்கிற வரி, மனப்பாட வரியா இல்லாம அந்தப் பிள்ளை கண்டுபிடிச்ச விஷயமா மாறிடும்.

வரைபடம்: டெஸ்மாஸ்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுல வரைபடக் கணக்குக்கு 8 மதிப்பெண். நிறைய பேர் அட்டவணை போட்டு, புள்ளி வச்சு, வளைவரை வரைஞ்சு மார்க்கை வாங்கிடுவாங்க. ஆனா அந்த வளைவு என்ன சொல்லுதுன்னு கேட்டா தெரியாது.

டெஸ்மாஸ் ஒரு இலவச கிராஃபிங் கால்குலேட்டர். அதுல 'ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + சி'னு டைப் பண்ணுங்க. 'சி'க்கு ஒரு ஸ்லைடர் கேக்கும், கொடுத்துடுங்க. இப்ப சி-யை 3-ல வைங்க. வளைவு எக்ஸ் அச்சை 1, 3 ஆகிய ரெண்டு இடத்துல வெட்டும். 4-க்கு நகர்த்துங்க, 2-ல மட்டும் தொட்டுட்டுப் போகும். 5-க்கு நகர்த்தினா அச்சைத் தொடவே தொடாது.

வேறுபட்ட இரு மெய் மூலங்கள், சமமான மெய் மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை. தன்மைக்காட்டி பாடத்துல வர்ற மூணு நிலைகளும் இவ்வளவுதான். ஒரு விரல் நகர்த்தல்ல மூணும் முடிஞ்சது. ஒரே ஒரு கண்டிஷன்: ஸ்லைடரை நகர்த்துறதுக்கு முன்னாடி, "இப்ப வளைவு மேல போகுமா, கீழ போகுமா?"னு பிள்ளையைக் கணிக்கச் சொல்லணும். கணிக்காம இழுத்தா அது வெறும் அனிமேஷன்.

வாய்ப்பாடு, காரணிகள்: சண்டைபோட ஒரு விளையாட்டு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்துற என்ரிச் தளத்துல 'ஃபேக்டர்ஸ் அண்ட் மல்ட்டிபிள்ஸ்'னு ஒரு கேம் இருக்கு. 1 முதல் 100 வரை கட்டம். முதல் ஆள் 50-க்குக் கீழ ஒரு இரட்டை எண்ணை அடிக்கணும். அடுத்த ஆள் அந்த எண்ணோட காரணி அல்லது மடங்கு ஒண்ணை அடிக்கணும். அதுக்கு அடுத்தது, கடைசியா அடிச்ச எண்ணோட காரணி அல்லது மடங்கு. அடிச்ச எண்ணைத் திரும்ப அடிக்கக் கூடாது. எண் கிடைக்காம மாட்டிக்கிறவர் அவுட்.

ரெண்டு ரவுண்டு விளையாடினதும் பிள்ளை ஒரு விஷயத்தைக் கவனிக்கும். யார் 1-ஐ அடிக்கிறாங்களோ, அவங்க தோத்துடறாங்க. ஏன்னா, அடுத்த ஆள் 97-ஐ அடிச்சுடுவார். 97-க்கு 1-ஐத் தவிர வேற காரணி இல்லை, 1 ஏற்கெனவே போயிடுச்சு. அடுத்த மடங்கு 194, கட்டத்துலயே இல்லை. 97-க்குப் பதிலா 53, 59, 61-னு 50-க்கு மேல இருக்கிற எந்தப் பகா எண்ணை வேணும்னாலும் அடிக்கலாம். 'பகா எண்களைப் பட்டியலிடுக'னு கேட்டா கொட்டாவி விடுற பிள்ளை, உங்களை ஜெயிக்கிறதுக்காக அதையெல்லாம் தேடி வச்சிருக்கும்.

கழித்தல் பயிற்சிக்கு நம்ம ஊர் ஐடியா ஒண்ணு. மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர்.கப்ரேகர் 1949-ல் கண்டுபிடிச்சது. ஏதாவது ஒரு நாலு இலக்க எண் எடுங்க. நாலும் ஒரே இலக்கமா மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில ஒரு எண், ஏறுவரிசையில ஒரு எண்ணா எழுதிக் கழிங்க. வர்ற விடைக்கும் இதையே செய்யுங்க. 2025-ல ஆரம்பிச்சா 5220 − 0225 = 4995. அடுத்து 5355, 1998, 8082, 8532, கடைசியா 6174. அதுக்கப்புறம் எத்தனை தடவை செஞ்சாலும் 6174-தான் வரும். எந்த எண்ல ஆரம்பிச்சாலும் அதிகபட்சம் ஏழு படிகள்ல அங்க வந்து நின்னுடும். விடை 999-னு வந்தா 0999-னு பூஜ்ஜியத்தோட எழுதணும், அதை மட்டும் மறந்துடாதீங்க. ஏழு படி தாண்டியும் 6174 வரலைன்னா, கழித்தல்ல எங்கயோ தப்பு விட்டிருக்குனு அர்த்தம். பிள்ளையே திரும்பிப் போய்த் தேடும். இருபது கழித்தல் கணக்கு ஒரே மூச்சுல முடிஞ்சிருக்கும். நீங்க ஒரு கணக்குகூடக் கொடுத்திருக்க மாட்டீங்க.

டேட்டா தீர்ந்துடுச்சா?

ஃபெட் பயிற்சிகளை ஒவ்வொண்ணா டவுன்லோடு பண்ணி நெட் இல்லாமலும் ஓட்டலாம். வைஃபை கிடைக்கிற இடத்துல நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க.

அரவிந்த் குப்தாவின் தளத்தையும் ஒரு தடவை பாருங்க. குப்பையில போற பொருள்கள்ல அறிவியல், கணக்கு பொம்மைகள் செய்யக் கற்றுத்தருபவர்; 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய வீடியோக்களில் பல தமிழிலும் இருக்கு. தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளையும் வச்சு வடிவங்கள் செய்றது அதுல ரொம்பப் பிரபலம். முக்கோணம் செஞ்சு அழுத்தினா அசையாது. சதுரம் செஞ்சு அழுத்தினா சாய்ஞ்சு சாய்சதுரமா மாறிடும். மின்கோபுரத்துல எதுக்கு இத்தனை முக்கோணம்ங்கிற கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிடும். (தீக்குச்சியோட மருந்தை முன்கூட்டியே சுரண்டி எடுத்துடுங்க.)

தமிழ்ல வேணும்னா...

மேல சொன்ன தளங்கள்ல நிறைய ஆங்கிலத்துலதான் இருக்கு. ஆனா பட்டையை இழுக்க, புள்ளியை நகர்த்த மொழி பெரிய தடை இல்லை. நீங்க பக்கத்துல உட்கார்ந்து தமிழ்ல பேசினாலே போதும். ஃபெட்ல சில பயிற்சிகள் தமிழ்லயே இருக்கு; மொழிப் பட்டியல்ல தேடுங்க.

பாடத்தைத் தமிழ்ல கேக்கணும்னா கல்வித் தொலைக்காட்சியோட யூடியூப் சேனல் இருக்கு. 6 முதல் 12-ம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கல்வித்துறையோட மணற்கேணி ஆப் இருக்கு. பாடப்புத்தகத்துல இருக்கிற க்யூஆர் கோடை தீக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணியும் பார்க்கலாம். ஆனா இதெல்லாம் பெரும்பாலும் வீடியோ. அதனால, ஒரு வீடியோவைப் பாதியில நிறுத்தி, "அடுத்து என்ன பண்ணுவாங்க?"னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி வீடியோவையும் பயிற்சியா மாத்திடும்.

நீங்களே தேடுறது எப்படி?

பாடத்தோட பேரையும் 'ஒர்க்‌ஷீட்'டையும் சேர்த்துத் தேடினா பக்கம் பக்கமா பிடிஎஃப் கொட்டும். அதுக்குப் பதிலா, ஆங்கிலத்துல பாடத்தோட பேர் போட்டு, கூடவே 'இன்டராக்டிவ்', 'விர்ச்சுவல் மேனிப்புலேட்டிவ்ஸ்', 'ஜியோஜீப்ரா', இதுல ஏதாவது ஒண்ணைச் சேருங்க. இழுத்து விளையாடுற பயிற்சிகள் மேல வரும். பிள்ளைக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நீங்க அஞ்சு நிமிஷம் விளையாடிப் பாருங்க. உங்களுக்கே போரடிச்சா அடுத்ததுக்குப் போயிடுங்க.

போட்டோ எடுத்தா விடை தர்ற ஆப்?

போட்டோமேத் மாதிரி ஆப்களும் ஏஐ சாட்பாட்டும் பிள்ளைங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒளிச்சு வச்சுப் பிரயோஜனம் இல்லை. ஒரு விதி மட்டும் போடுங்க: முதல்ல நோட்டுல தானா போட்டு முடிக்கணும், அப்புறம்தான் போன். ஆப் காட்டுற படிகளையும் தன்னோட படிகளையும் பக்கத்துல வச்சு, எந்த வரியில பாதை பிரியுதுன்னு கண்டுபிடிக்கணும். சாட்பாட் தப்பான விடையைக்கூட ரொம்ப நம்பிக்கையா சொல்லும். "இதுல தப்பு இருக்கா, பிடி பார்ப்போம்"னு சவால் விட்டா, அதுவும் நல்ல பயிற்சிதான்.

20 நிமிஷம் போதும்

முதல் 3 நிமிஷம்: போன் மூடியே இருக்கட்டும். ஒரு கேள்வி, ஒரு கணிப்பு. கணிப்பை நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க.

அடுத்த 10 நிமிஷம்: ஒரே ஒரு பயிற்சி. போன் பிள்ளை கையில, உங்க கை மடியில. பிடுங்கிச் செஞ்சு காட்டக் கூடாது.

கடைசி 7 நிமிஷம்: போனை ஓரமா வச்சுட்டு, பாடப்புத்தகத்துல இருந்து அதே மாதிரி மூணு கணக்கு. திரையில புரிஞ்சது பேப்பருக்கு வரலைன்னா, இன்னும் புரியலைன்னு அர்த்தம். பரீட்சை பேப்பர்லதான் நடக்குது.

வாரத்துக்கு மூணு நாள் இப்படி உட்கார்ந்தா போதும். ரெண்டு விஷயத்தை மட்டும் கவனமா பார்த்துக்கோங்க. "இது ஈஸிதானே!"னு சொல்லாதீங்க. ஈஸியான கணக்கே வரலைன்னா நான் மக்குனு பிள்ளை முடிவு பண்ணிடும். தப்பான விடை வந்தா, "எப்படி யோசிச்சே?"னு கேளுங்க. 2/5-னு எழுதின பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தெரிஞ்சுக்கிட்டாதான் எந்தப் பயிற்சியைத் திறக்கணும்னே உங்களுக்குத் தெரியும். எந்த ஆப்பும் அதை உங்களை மாதிரி காது கொடுத்துக் கேக்காது.

கான் அகாடமி தெரியும்தானே? அதைத் தொடங்கிய சல்மான் கான் (நடிகர் இல்லைங்க!) 2004-ல் வேறொரு ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்கு போன்லயும் இணையத்துலயும் கணக்கு சொல்லித்தர ஆரம்பிச்சார். அளவுகளை மாற்றும் கணக்குல அந்தப் பொண்ணு திணறியிருந்தாள். யூடியூப் வீடியோ எல்லாம் அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். அவ்வளவு பெரிய தளத்துக்கே ஆரம்பம், வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் ஒதுக்கிய சாயங்கால நேரம்தான்.

இதுல உங்களுக்கும் லாபம் இருக்கு பாஸ். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கிறீங்களா? சதவிகிதம், விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பளவு, தனிவட்டி... எல்லாம் இதே பள்ளிக் கணக்குதான். இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கிறதைவிட நல்ல ரிவிஷன் கிடையாது.

இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சு ஆப் டவுன்லோடு பண்ண வேண்டாம். ஒரு பேப்பர் எடுங்க. 1-ல இருந்து 100 வரைக்கும் கட்டம் போடுங்க. தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டு, "50-க்குக் கீழ ஒரு இரட்டை எண் சொல்லு"னு ஆரம்பிங்க. முதல் ரவுண்டுல 1-ஐ நீங்களே அடிங்க. ஜெயிச்ச பிள்ளை, ரெண்டாவது ரவுண்டு கேக்காம தூங்கப் போகாது.